ஜார்ஜியா மாநிலத் தேர்தல், 2018
அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 2018 நவம்பர் 6 அன்று நடந்த இடைக்காலத் தேர்தல். அங்கே ஆளுநர் நியமனப் பதவியல்ல, மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். குடியரசுக் கட்சியின் பிரையன் கெம்ப், ஜனநாயகக் கட்சியின் ஸ்டேசி ஆப்ராம்ஸை ஏறத்தாழ 55,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மாநிலச் செயலாளர் என்ற முறையில் தேர்தலை நடத்தும் பொறுப்பும் கெம்ப்பிடமே இருந்தது. ஆடுபவரே நடுவராகவும் நின்ற விந்தை இது. ஆவணங்களோடு பெயர் எழுத்துக்கெழுத்து பொருந்த வேண்டும் என்ற விதியால் சுமார் 53,000 வாக்காளர் பதிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை கறுப்பின மக்களுடையவை. நவம்பர் 16 அன்று போட்டியை முடித்துக்கொண்ட ஆப்ராம்ஸ், இதைத் தோல்வி ஒப்புதலாகக் கொள்ளக் கூடாது என்றார். மாநிலச் செயலாளர் தேர்தலில் எவரும் பாதிக்குமேல் வாக்குப் பெறாததால் டிசம்பர் 4இல் மறுசுற்று நடந்தது. பிராட் ராஃபென்ஸ்பெர்கர் வென்றார்.