செப்புத் தகட்டில் நிலைபெற்ற நிழல்

புகைப்படக் கலையின் தொடக்க காலத்தில் அதனைப் பீடித்த பெருங்குறை ஒன்று உண்டு. வெள்ளியுப்புப் பூசிய தாளில் எடுத்த படங்கள் பல, சில ஆண்டுகளிலேயே பழுப்பேறி மங்கின. 1855ஆம் ஆண்டில் இலண்டன் புகைப்படச் சங்கம் இதனை ஆராயக் குழுவொன்றையே அமைத்தது. அச்சுமையோ கரியினாலாயது, நூற்றாண்டுகள் கடந்தும் மங்காதது. ஆகவே, புகைப்படத்தை மையினால் அச்சிடும் வழி யாது என்பதே அறிஞர்முன் நின்ற வினா.

ஆங்கிலேய அறிஞர் ஃபொக்ஸ் டால்பொட் இவ்வினாவுக்கு விடை தேடினார். பொட்டாசியம் இருகுரோமேற்றுக் கலந்த செலற்றின், ஒளிபட்ட இடத்தில் இறுகிவிடும். இவ்வியல்பைப் பயன்படுத்தி உருக்குத் தகட்டிற் படம் செதுக்கும் முறைக்கு 1852இல் அவர் காப்புரிமை பெற்றார். ஆயினும் அகன்ற கரும்பகுதிகளில் மை தங்கவில்லை. தகட்டைத் துடைக்கும்போது மையும் உடன் அகன்றது. எனவே, 1858இல் பிசின் தூளைத் தூவி, மை தங்குவதற்கு நுண்குழிகளை உண்டாக்கினார்.

இம்முறையை நிறைவுசெய்தவர் பொகீமியாவிற் பிறந்த காரல் கிளீச். 1879இல் வியன்னா நகரில் அவர் செப்புத் தகட்டைக் கையாண்டார். மெருகிட்ட தகட்டின்மீது பிசின் தூளைப் படியவைத்துச் சூடாக்கினார்; துகள்கள் உருகி ஒட்டின. ஜோசப் ஸ்வான் 1864இல் காப்புரிமை பெற்ற செலற்றின் தாளை, நேர்ப்படத்தின் கீழ் வைத்து ஒளியூட்டித் தகட்டில் ஒட்டினார். வெந்நீரிற் கழுவியபோது இறுகாத செலற்றின் கரைந்தகன்றது. வெளிச்சப் பகுதியில் தடித்தும் நிழற்பகுதியில் மெலிந்தும் ஒரு படலம் எஞ்சியது.

அடுத்தது அரிப்பு. அதற்குரியது பெரிக்குக் குளோரைட்டுக் கரைசல். இங்கே வியப்பு ஒன்றுண்டு. செறிந்த கரைசல் மிக மெல்லிய படலத்தை மட்டுமே ஊடுருவும். நீர் மிகுந்த கரைசலே தடித்த படலத்தையும் கடக்கும். ஆதலால் செறிந்த கரைசலில் தொடங்கிப் படிப்படியாக நீர்த்த கரைசல்களுக்குத் தகடு மாற்றப்படும். முதலிற் கருநிழல்கள் ஆழமாக அரிபடும். இறுதியில் வெளிச்சப் பகுதிகள் சற்றே தீண்டப்படும். ஒரு கணம் தவறினும் பல நாள் உழைப்பு வீணாகும். ஆழ்ந்த குழியில் மிகுந்த மை, ஆழமற்ற குழியிற் குறைந்த மை: இதனால் நிழலின் சாயல்கள் அனைத்தும் தாளில் இறங்கின.

கிளீச் இம்முறையை மறைபொருளாகவே காத்து, பொருள் தந்தோர்க்கே கற்பித்தார். எனினும் மறைவு நெடுநாள் நிலைக்கவில்லை. அமெரிக்காவில் அல்பிரெட் ஸ்டீக்லிற்ஸ் 1903 முதல் 1917 வரை நடத்திய 'கமெரா வேர்க்' சஞ்சிகை இம்முறையாற் புகழ்பெற்றது. மங்காத படத்துக்காக உழைத்த டால்பொட் இவ்வெற்றியைக் கண்டாரல்லர். கிளீச்சின் தகடு உருவாவதற்கு இரண்டாண்டுகளின் முன்னரே, 1877இல், அவர் மறைந்தார்.