நீண்ட சேவை – நன்னடத்தைப் பதக்கம் (இந்தியப் படை)

போர்க்கள வீரத்துக்கு அல்லாமல், ஆண்டுக்கணக்காகக் குற்றப்பதிவின்றிப் பணியாற்றிய சாதாரணச் சிப்பாய்க்கு வழங்கப்பட்ட வெள்ளிப் பதக்கம். பிரிட்டிஷ் தரைப்படைக்கு இதை 1830இல் நான்காம் வில்லியம் ஏற்படுத்தினார். தொடக்கத்தில் காலாட்படையினர் 21 ஆண்டுகளும் குதிரைப்படையினர் 24 ஆண்டுகளும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1870இல் அது 18 ஆனது. இந்தியச் சிப்பாய்களுக்கோ 1888இல்தான், விக்டோரியா காலத்தில், தனிப் பதக்கம் கிடைத்தது. அரைநூற்றாண்டைத் தாண்டிய இந்தத் தாமதம் நியாயமற்றது. ஹவில்தார், குதிரைப்படையில் அதற்கு இணையான தபேதார் முதல் அவர்களுக்குக் கீழுள்ளோர் வரை இதைப் பெற்றனர்.

முன்புறத்தில் முடியும் முக்காடும் அணிந்த அரசியின் தலை, சுற்றிலும் 'கைசர்-இ-ஹிந்த்' என்ற பட்டம். பின்புறமே அழகு: நடுவில் 'இந்தியா' என்ற சொல், அதைச் சூழ்ந்து பனையோலை வளையம், வெளியே தாமரை மலரும் இலையும் பின்னிய மாலை. நாடா கருஞ்சிவப்பு. அரசர் மாறும்தோறும் முன்புறத் தலையும் மாறியது. 1947இல் இவ்வரிசை முடிந்தது; விடுதலை பெற்ற இந்தியா அதே பெயரில் தன் பதக்கத்தை உருவாக்கிக்கொண்டது.

பெற்றவரின் பெயரும் படைப்பிரிவும் விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். தாத்தாவின் பதக்கம் வீட்டில் இருந்தால் விளிம்பைத் தேய்த்து மெருகேற்றாதீர்கள்; எழுத்து மழுங்கிவிடும்.