மணி: கோயிலிலும் கப்பலிலும்

மணி என்ற சொல் முதலில் நேரத்தைக் குறிக்கவில்லை. சங்கப் பாடல்களில் அது நீலமணி; அல்லது யானையின் இருபுறமும் தொங்கி ஒலிப்பது. பொழுதை அளக்க நாழிகையும் (24 நிமிடம்) சாமமும் (ஏழரை நாழிகை) இருந்தன. முல்லைப்பாட்டின் பாசறையில் நீர்க்கன்னல் என்ற நீர்க்கடிகாரத்தைப் பார்ப்பவர்கள் நேரத்தை வாயால்தான் அறிவிக்கிறார்கள். மதுரை மீனாட்சி கோயிலின் அர்த்தசாம பூஜையில் சாமம் இன்றும் வாழ்கிறது.

பொழுதை ஒலியால் அறிவிக்கும் வழக்கத்துக்கு மதுரைப் பக்கத்தில் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்குப் பூஜை முடிந்த பிறகே மன்னர் திருமலை நாயக்கர் (ஆட்சி: 1623–1659) உண்பாராம். அந்தச் செய்தி வழிநெடுக இருந்த மண்டபங்களின் ஒலியாகக் கைமாறி மதுரையை எட்டுமாம்.

60 நிமிடக் கணக்கு பரவியபோது, ஒலித்த மணியின் பெயரே கால அளவுக்கும் ஆகிவிட்டது. தெலுங்கிலும் இந்தியிலும் இதே கதைதான். ஆங்கிலக் 'கிளாக்'கும் மணியைக் குறித்த லத்தீன் சொல்லின் வழி வந்ததே.

கப்பலில் கணக்கு வேறு. நான்கு மணி நேரம் ஒரு காவல். அதில் அரை மணிக்கு ஒருமுறை கப்பல் மணியை அடிப்பார்கள்; ஒவ்வொரு முறையும் ஓர் அடி கூடும். 12.30-க்கு ஒன்று, 1-க்கு இரண்டு, 4-க்கு எட்டு. எட்டடி கேட்டால் நேரம் நண்பகலாகவும் இருக்கலாம்.

தமிழ்க் கப்பல் மணி ஒன்று நியூசிலாந்தின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விளிம்பு உடைந்த அந்த வெண்கல மணி, முகைதீன் பக்‌ஷ் என்பவரின் கப்பலுக்கு உரியது என்று அதன் மேலுள்ள தமிழ் எழுத்து சொல்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் பாதிரியார் வில்லியம் கொலென்சோ அதைக் கண்டபோது, மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள்.

கப்பலில் மனிதக் கை அடித்த இந்த மணிக்கணக்கைத் தானே அடிக்கும் கடிகாரத்தை அமெரிக்காவின் செல்சி நிறுவனம் 1900 முதல் செய்துவருகிறது. ஆடும் கப்பலில் ஊசல் சரிப்படாது. எனவே பேலன்ஸ் சக்கரம். ஓட்டத்துக்கு ஒரு சுருள்வில், அடிப்பதற்கு இன்னொன்று. நத்தை ஓடுபோல் படிப்படியாகச் சுருங்கும் தகட்டின்மேல் ஒரு நெம்புகோல் விழும். எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவு அடிகள். சுத்தியல் இரண்டிரண்டாக அடிக்கும்: டிங்-டிங், சற்று இடைவெளி, டிங்-டிங். ஒற்றைப்படை என்றால் கடைசி அடி தனித்து விழும். 12 மணி நேரத்தில் மொத்தம் 108 அடி.

மாலை 4 முதல் 8 வரையிலான காவலை மட்டும் மாலுமிகள் இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரே ஆட்கள் தினமும் ஒரே நேரத்தில் நிற்காமல் முறை மாறுவதற்காக. ஆகவே 6.30-க்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி, 7.30-க்கு மூன்று, 8-க்கு எட்டு என்று அடிப்பார்கள். கடிகாரத்துக்கு இந்த ஏற்பாடு தெரியாது. அது 6.30-க்கு ஐந்தே அடிக்கும்.