நேயர் மடலும் அறிவிப்பாளர் மறுமொழியும்

வானொலி கேட்பவரை நாம் ‘நேயர்’ என்று அழைக்கிறோம். நேயம் என்பதன் அடியாக வந்த இச்சொல், கேட்கும் செயலை விட்டுவிட்டு உறவைச் சுட்டுகிறது. அந்த நேயர் குறை கூறி எழுதும்போது அறிவிப்பாளர் என்ன மொழியில் மறுமொழி தந்தார் என்பதை மொழி வரலாற்றின் ஒரு பகுதியாகவே யாம் கருதுகிறோம். இன்று வலையொலி (பாட்காஸ்ட்) நடத்தும் மாணவர் சிலர் எம்மிடம் கேட்கும் வினாவும் ஏறத்தாழ இதுதான்.

பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே 3 அன்று இலண்டனில் தொடங்கியது. போருக்குப் பின், 1946 ஏப்ரல் முதல் நாள் ரேடியோ மலாயா உருவானது. மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அதில் இடம் பெற்றது. அவசரகால ஆண்டுகளில் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொதுவிடத்தில் வானொலிப் பெட்டி வைத்துக் கூட்டமாகக் கேட்கச் செய்தனர். பேச்சு முன்கூட்டியே எழுதப்பட்டது, எழுதியது படிக்கப்பட்டது. மறுத்துச் சொல்ல விரும்பியவர் அஞ்சலட்டை வாங்கி எழுத வேண்டும். அது போய்ச் சேரப் பல நாள் ஆகும். அந்தத் தாமதத்தில் நன்மையும் இருந்தது. எழுதியவரின் சினமும் படித்தவரின் தற்காப்பும் ஓரளவு ஆறியிருக்கும். அரசின் குரலாக ஒலித்த வானொலியில் எந்த மடல் வாசிக்கப்பட்டது, எது இழுப்பறையில் தங்கியது என்பது தனிக்கதை.

எம் பிழையொன்றை இங்கே பதிவு செய்வது முறை. 1991இல், கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் ஐம்பதாம் ஆண்டையொட்டி ஒரு வானொலி உரையாடலுக்கு எம்மை அழைத்திருந்தனர். 1941இல் நிகழ்ந்தது எளிய செய்தியன்று. கிள்ளான் வட்டாரத் தமிழர் கூலி உயர்வு கேட்டனர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி கேட்டனர். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற இழிவு நீங்க வேண்டும் என்றனர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் சுட்டுக்கொல்லப்பட்டனர்.

இவற்றையெல்லாம் யாம் ஆண்டும் திங்களும் பிசகாமல் சொன்னோம். பிறகு, சூழலின் இறுக்கத்தைத் தளர்த்துவதாக எண்ணிக்கொண்டு, ‘பெரட்டு’ என்ற தோட்டச் சொல்லை எடுத்தோம். விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கத் தொழிலாளரை வரிசையில் நிறுத்துவதற்கு அப்பெயர். ஆங்கிலப் ‘பரேட்’ கொச்சையாகிப் ‘பெரட்டு’ ஆன விந்தை என்று சிரித்தோம். அறிவிப்பாளரும் உடன் சிரித்தார்.

மறுவாரம் காப்பாரிலிருந்து ஒரு மடல் வந்தது. எழுதியவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஓர் அம்மையார். தம் தாய் முப்பது ஆண்டுகள் இருட்டோடு எழுந்து பெரட்டில் நின்றவர் என்றும், அச்சொல் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொண்டதில் மகிழ்ச்சியே என்றும், சுட்டுக்கொல்லப்பட்டவர்களைப் பற்றிப் பேசிய அதே மூச்சில் எதற்காகச் சிரித்தீர்கள் என்பதுதான் விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தார்.

அறிவிப்பாளர் அம்மடலைச் சுருக்கவில்லை. ‘நேயர் ஒருவர் வருத்தம் தெரிவித்துள்ளார்’ என்று ஒரு வரியில் கடக்கவுமில்லை. தம் சிரிப்பைக் குறித்த வரி உட்பட முழுவதையும் அடுத்த நிகழ்ச்சியின் தொடக்கத்தில், நிதானமாக, அவர் எழுதிய சொற்களிலேயே வாசித்தார். அதன் பின்பே எம்மிடம் திரும்பினார். ஒலிபரப்புக் கலையில் எமக்குக் கிடைத்த ஒரே பாடம் அதுதான். எந்த வகுப்பறையிலும் எமக்கு அது கிடைத்ததில்லை.

அந்நாளில் யார் கேட்கிறார் என்பது அறிவிப்பாளருக்கு ஓரளவு தெரியும். இன்று அவ்வெல்லை அழிந்துவிட்டது. 2025 மார்ச் மாதத்தில், ஏரா எஃப்எம் என்ற மலாய் வானொலியின் அறிவிப்பாளர் மூவர் ‘வேல், வேல்’ என்று கூவிக் காவடியாட்டத்தைக் கேலி செய்வதுபோல் ஆடிய காணொளி வெளிவந்தது. தங்கள் வழக்கமான நேயர்களை எண்ணி அவர்கள் ஆடியிருக்கலாம். பத்துமலைக்குக் காவடி எடுத்தவர்களும் அதைப் பார்த்தார்கள். அறிவிப்பாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர், மன்னிப்புக் கேட்டனர். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் உரிமத்தை இடைநிறுத்தப்போவதாக முதலில் அறிவித்து, பின்னர் 250,000 ரிங்கிட் தண்டம் விதித்தது. சட்டம் தன் அளவில் முடித்துக்கொண்டது. ஆனால் ஒரு மன்னிப்பு எப்போது மன்னிப்பாகக் கேட்கப்படுகிறது என்பது சட்டத்தின் பொருளன்று, இலக்கணத்தின் பொருள்.

இன்று எங்கும் வழங்கும் வாய்பாடு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ‘யாருடைய மனத்தையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறோம்.’ நிகழ்ந்துவிட்ட செயல் இங்கே ‘ஆல்’ ஈற்று நிபந்தனை எச்சத்துக்குள் புகுந்து, நிகழ்ந்ததோ இல்லையோ என்ற ஐயமாகிறது. புண்பட்டவர் ‘யாராவது’ ஆகிறார். பெயரும் ஊரும் இழக்கிறார். ‘நாங்கள் சிரித்தோம், அது தவறு’ என்னும்போது எழுவாய் உண்டு, இறந்தகால வினைமுற்று உண்டு. இரண்டு தொடர்களும் ஏறத்தாழ ஒரே நீளம்தான். குறை கூறுவோர் அனைவரும் சரியாகவே கூறுவர் என்று யாம் சொல்ல வரவில்லை. வசை மட்டுமே கொண்ட மடலும் வரும். அதற்கு மறுமொழி கடனில்லை. தவறில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் காரணத்தோடு மறுக்கலாம். அம்மறுப்புக்கும் வினைமுற்று வேண்டும்.

யாமும் அன்று ‘ஆயினும்’ என்றுதான் தொடங்கினோம். சொற்பிறப்பியல் ஆய்வில் ‘கொச்சை’ என்பது இழிவுச் சொல்லன்று என்று விளக்க முற்பட்டோம். அறிவிப்பாளர் குறுக்கிட்டு, “ஐயா, அம்மையார் கேட்டது சிரிப்பைப் பற்றி” என்றார். நேரலையில் அத்தனை நீண்ட அமைதியை யாம் அறிந்ததில்லை. பிறகு, சிரித்தது தவறு என்றோம்.

வீடு திரும்பியதும் எம் சொற்பட்டியலை எடுத்து, ‘பெரட்டு’ என்பதற்கு எதிரே இருந்த ‘கொச்சை’யை அடித்துவிட்டு, ‘தோட்ட வழக்கு, விடியற்கால ஆள்கணக்கு’ என்று எழுதினோம். காப்பார் அம்மையார் மறுபடி எழுதவில்லை.