ஷட்டர் பராமரிப்பு: சேலம், நாமக்கல் சமவெளி

ஷட்டர் பராமரிப்பு என்பது வீட்டுக் கார் ஷெட், கடை, தறிக்கூடம் ஆகியவற்றின் சுருள் இரும்புக் கதவைப் பருவமறிந்து துடைத்து, துருவெடுத்து, ஓட்டம் பார்த்து வைக்கும் வேலை. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இதற்கு எழுதப்படாத நாள் ஒன்று உண்டு: ஆயுத பூஜை. லாரியும் தறியும் குளிக்கும்போது ஷட்டர் மீதும் தண்ணீர் பாய்கிறது, சந்தனமும் குங்குமமும் ஏறுகின்றன. ஆனால் அன்று துலங்குவது ஷட்டரின் முகம் மட்டுமே. பழுது பிறப்பது சேனலிலும் ஸ்பிரிங்கிலும் அடிப்பட்டையிலும்.

அமெரிக்க வீடுகளில் கார் ஷெட் கதவு பலகை பலகையாக மடங்கி மேலேறி, கூரைக்கடியில் படுத்துக்கொள்ளும். 1921இல் சி. ஜி. ஜான்சன் உருவாக்கிய மேல்தூக்குக் கதவின் வழி வந்தது அது. இங்கே அது அரிது. முன்பக்க அறை இன்றைக்குக் கார் ஷெட், நாளைக்கு வாடகைக் கடை; இரண்டுக்கும் ஒத்துவருவது சுருள் ஷட்டர்தான்.

அதன் அமைப்பு எளியது. ஒன்றையொன்று கவ்விய தகட்டுப் பட்டைகள் இருபுறச் சேனலுக்குள் ஓடி, மேலே உள்ள பைப்பில் சுருண்டுகொள்கின்றன. இதற்கான இந்தியத் தரவரையறை ஐ.எஸ். 6248. மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் வரும் வழக்கமான பட்டை ஒன்றின் அகலம் 80 மி.மீ., தடிமன் 1.25 மி.மீ. அந்தத் தடிமனில் 8 அடிக்கு 7 அடி ஷட்டர் என்றால், வளைவும் கவ்வலும் சேர்க்காமல் தகட்டை மட்டும் கணக்கிட்டாலே 50 கிலோ தேறும். அதை ஒருவர் தனியாகத் தூக்க முடிகிறதென்றால் காரணம் பைப்பில் மாட்டிய ஸ்பிரிங். கீழே இழுக்கும்போது அது முறுக்கேறுகிறது. தூக்கும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து பளுவைப் பங்குபோட்டுக்கொள்கிறது.

ஸ்பிரிங்கின் உடல்நிலையை அறிய கருவி வேண்டாம். ஷட்டரைப் பாதி உயரத்தில் நிறுத்தி, கையைச் சற்றே தளர்த்திப் பார்த்தால் போதும். அங்கேயே நின்றால் நலம். தடதடவென்று இறங்கப் பார்த்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது ஒன்று ஒடிந்திருக்கிறது. தானே மேலே பாய்ந்தால் முறுக்கு கூடுதல். எதுவானாலும் ஏணி போட்டு ஏறி ஸ்பிரிங்கில் கைவைப்பது வீட்டார் வேலையல்ல. முறுக்கேறிய கம்பி நழுவினால் விரல் போகும். ஷட்டர் மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டியது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் வீட்டிலேயே முடியும்.

அதிகம் நடக்கும் தவறு சேனலில் கிரீஸ் அப்புவது. லாரித் தொழில் ஊறிய நாமக்கல்லில் கழித்த இன்ஜின் ஆயிலுக்குப் பஞ்சமில்லை; ஷட்டர் கிறீச்சிட்டால் அதில் கொஞ்சம் ஊற்றுவது சுலபம். இரண்டு நாள் வழுக்கி ஓடும். பிறகு தெருப்புழுதி அதில் ஒட்டி, உப்புத்தாள் போலத் தகட்டைத் தேய்க்கத் தொடங்கும். பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளை போன்ற தறி ஊர்களில் நிலைமை இன்னும் மோசம்: பஞ்சுத்தூசியும் சேர்ந்து சேனலே அடைத்துக்கொள்ளும். டீசல் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றிச் சேனலை அடிவரை துடைத்துக் காயவிட்டு, சிலிக்கான் ஸ்ப்ரே மெல்லியதாக அடிப்பதே சரி. கிரீஸுக்கு உரிய இடம் பேரிங்கும் கியரும்.

கோழிப்பண்ணை அருகே இருக்கும் வீட்டுக்குத் தனிக் கவலை. எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா ஈரத்தோடு சேர்ந்தால் தகட்டின் துத்தநாகப் பூச்சை அரிக்கும். அங்கே பூச்சை மட்டும் நம்பாமல் மேலே பெயின்ட்டும் அடிப்பது நல்லது.

பங்குனி, சித்திரை வெயிலில் மேற்கு பார்த்த ஷட்டர் கையை வைக்க முடியாதபடி கொதிக்கும். 3 மீட்டர் எஃகுப் பட்டை 30 டிகிரி கூடுதல் சூட்டில் ஏறத்தாழ 1 மி.மீ. நீளும். சேனலில் இடைவெளி குறைவாக இருந்தாலோ அழுக்கு அடைத்திருந்தாலோ மதியத்தில் மட்டும் ஷட்டர் மக்கர் செய்யும். காலையில் வரும் மெக்கானிக்குக் குறையே தெரியாது. கோடையிடிக்கு முன் மேல்மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது. குளவிக்கூடும் அணில் சேர்த்த நாரும் பைப்பில் சிக்குவது சாதாரணம்.

பிறகு ஆயுத பூஜை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20ஐ ஒட்டி என்பதால் நாள் என்னவோ பொருத்தமானதுதான், முறைதான் சரியில்லை. வாட்டர் சர்வீஸ் குழாயின் வேகத்தில் பட்டைகளின் கவ்வலுக்குள் நீர் புகுந்து தங்குகிறது. அதுவும் போர்வெல் உப்புநீர் என்றால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு படியும். ஈரத்துணியால் துடைத்து, நான்கைந்து முறை ஏற்றி இறக்கி, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்தால் போதும். அடிப்பட்டையின் கீழ்ப்புறத்தைக் குனிந்து பார்க்கத் தவறக்கூடாது, துரு முதலில் குடியேறுவது அங்கேதான். பெயின்ட் வேலையை மட்டும் தை, மாசிக்குத் தள்ளிவைக்கலாம். காற்றில் ஈரம் குறைந்த அந்த நாட்களில் துருவைத் தேய்த்தெடுத்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேல்பூச்சும் கொடுத்தால் நன்றாகப் பிடிக்கும்.

மோட்டார் ஷட்டர் இப்போது புதுவீடுகளில் பெருகிவருகிறது. 1993 தொடக்கம் முதல் அமெரிக்காவில் தயாராகும் வீட்டு மோட்டார் கதவுகளில், கீழே ஆள் சிக்கினால் கதவு திரும்பிவிடும் ஏற்பாடு சட்டப்படி கட்டாயம். இங்கே வாங்குபவர் அதைத் தாமாகக் கேட்டு வாங்க வேண்டும். சென்சார் இருந்தால் அதன் கண்ணில் படியும் தூசியைத் துடைக்க வேண்டும். மின்சாரம் போனால் உதவும் கைச்சங்கிலியையும் மழைக்கு முன் ஒருமுறை இழுத்து ஓட்டிப் பார்ப்பது உசிதம். பல வீடுகளில் அது பொருத்திய நாளிலிருந்து அசையாமல் துருப்பிடித்திருக்கும், காரோ உள்ளே நிற்கும்.