போளூர் வட்டாரக் கல்யாணங்களில் கூலியும் அச்சாரமும்

கல்யாண வேலை செய்பவருக்கு எப்போது, எந்த வடிவில் கூலி கொடுப்பது என்பது போளூர் வட்டாரத்தில் நெடுங்காலம் ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை. ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில், வேலூர்–திருவண்ணாமலை சாலையில் உள்ள இந்த ஊர் 1989 செப்டம்பர் 30 அன்று திருவண்ணாமலை மாவட்டம் பிரியும்வரை வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தின் மற்ற வேளாண் ஊர்களைப் போலவே இங்கும் கல்யாண வேலை ஊர்ப் பணிகளில் ஒன்று. சலவைத் தொழிலாளி மணமக்கள் நடக்கும் வழியில் மாற்றுத் துணி விரிப்பார், இரவு ஊர்வலத்துக்குத் தீவட்டி பிடிப்பார். குயவர் அரசாணிப் பானை கொண்டுவருவார். சவரத் தொழிலாளி மாப்பிள்ளைக்கு முகம் மழிப்பார்; பல ஊர்களில் அவர் குடும்பத்தாரே மேளமும் வாசித்தார்கள்.

இவர்களுக்கான கூலி கல்யாணத்தன்று பேசி முடிவு செய்யப்பட்டதல்ல. அறுவடைக் களத்தில் நெல்லைத் தூற்றி அளக்கும்போது, பங்கு பிரிப்பதற்கு முன்பாகவே மேரை என்ற பெயரில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் இத்தனை மரக்கால் என்று அளந்துவிடுவார்கள். சில தொழில்களுக்கு மானிய நிலமும் உண்டு. கல்யாண வீட்டில் கிடைத்தது அதற்கு மேற்பட்ட மரியாதை: ஒரு வேட்டி, கொஞ்சம் அரிசி, தேங்காய், வெற்றிலை பாக்கு, சில்லறைக் காசு. வீட்டுக்காரர் கண்ணோட்டத்தில் இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு இல்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு ஆள் வராமல் போவதோ, அதே முகூர்த்தத்தில் வேறு வீட்டுக்குப் போய்விடுவதோ நடக்காது. வேலை செய்பவர் ஊரைவிட்டுப் போக முடியாதவர். மறுத்தால் அடுத்த அறுவடையில் மேரை நின்றுபோகும், அதற்கு முன் ஊர்க்கூட்டம் கூடும். அந்தப் பாதுகாப்பின் முழு விலையையும் கொடுத்தவர் தொழிலாளிதான். கூலி போதாது என்று சொல்லவோ, வரமாட்டேன் என்று சொல்லவோ அவருக்கு உரிமை இருக்கவில்லை. பழைய முறையின் நம்பிக்கையை இன்று வியந்து பேசுபவர்கள் இதைச் சேர்த்துச் சொல்வது குறைவு.

மலை மேலே நிலைமை வேறு. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடி ஊர்களில் கல்யாணத்தின் பெரிய கொடுக்கல் வாங்கல் பரியம். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குக் கொடுப்பது. தொகையை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேசி முடிப்பார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர்களே சாட்சி. சமையலும் பந்தலும் உறவுக்காரர் கைவேலை என்பதால், வெளியாளுக்கு முன்பணம் கொடுக்கும் தேவை பெரிதாக எழவில்லை.

சமவெளியில் இந்த அமைப்பு ஒரே நாளில் கலைந்துவிடவில்லை. 1858-க்குப் பின் இனாம் கமிஷன் மானிய நிலங்களை ஆராய்ந்து, அவற்றில் பலவற்றுக்குச் சிறு வரி விதித்து அனுபவித்தவருக்கே உரிமையாக்கியது. நிலத்துக்கும் ஊழியத்துக்கும் இருந்த முடிச்சு அங்கே தளரத் தொடங்கியது. மிஞ்சியிருந்த சிறு இனாம்களை 1963-ஆம் ஆண்டின் 30-ஆம் சட்டம் ஒழித்தது. இதற்கிடையே காட்பாடி–விழுப்புரம் ரயில் பாதையும் பிறகு பேருந்தும் வந்தபோது, துணி வெளுப்பவரும் மேளம் வாசிப்பவரும் வேலூரிலோ சென்னையிலோ ரொக்கக் கூலிக்குப் போக முடிந்தது. தொழிலாளி மறுக்கலாம் என்ற நிலை வந்த பிறகே, அவரை ஒரு தேதிக்குக் கட்டிவைக்க வீட்டுக்காரருக்கு வேறு வழி தேவைப்பட்டது. முன்பணத்தின் வரலாறு தொழிலாளியின் விடுதலையோடு சேர்ந்தே தொடங்குகிறது.

அந்த வழி புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. வெளியூர் நாதஸ்வரக்காரரை அழைப்பதில் ஏற்கெனவே இருந்த தாம்பூல முறைதான் மற்ற வேலைகளுக்கும் பரவியது. வீட்டுப் பெரியவர் ஒருவர் மேளக்காரர் வீட்டுக்குப் போவார். தட்டில் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, வாழைப்பழம், ஒரு ரூபாய் நாணயத்தோடு சிறு தொகை. தேதி, முகூர்த்த நேரம், எத்தனை ஆள், பெண் அழைப்பு உண்டா, இரவு ஊர்வலம் எத்தனை தெரு என்பதெல்லாம் பேசியாகும். பிறகு தட்டு கை மாறும். தட்டை வாங்கியவர் அதே முகூர்த்தத்துக்கு இன்னொரு தட்டு வாங்கக் கூடாது. கொடுத்தவர் இன்னொரு மேளத்தை வைக்கக் கூடாது. தட்டில் இருந்த தொகை முழுக் கூலியில் சிறு பகுதிதான். ஒப்பந்தத்தைக் காத்தது அந்தத் தொகையல்ல, வாக்குத் தவறியவர் என்று சுற்று வட்டாரத்தில் பெயர் கெடும் என்ற அச்சம். தை முதல் ஆனி வரை முகூர்த்த நாட்கள் நெருக்கமாக வரும்; ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலையே இல்லை. ஒரே நாளில் நான்கு வீட்டார் தேடிவரும் தொழிலில் இந்தக் கட்டுப்பாடு நிலைத்தது ஆச்சரியமே. பேசும் கூலியும் பெரிதாக இல்லாததால் ஏமாற்றினால் கிடைக்கும் லாபமும் சிறிது என்பதையும் மறக்கக் கூடாது.

வேலையை உறுதி செய்யக் கொடுக்கும் இந்த முன்பணத்தை, அதாவது அச்சாரத்தை, சட்டம் வேறு விதமாகப் பார்த்தது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வாய்மொழி ஒப்பந்தத்தையும் ஏற்கிறது. ஆனால் வழக்கென்று வந்தால் நிரூபிக்க வேண்டும். ஒப்பந்தத்தை முறித்தவர் எதிர்த் தரப்புக்கு ஏற்பட்ட நியாயமான இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்பதே அதன் 73, 74-ஆம் பிரிவுகளின் சாரம். ‘முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று அச்சடித்துவிட்டால் எவ்வளவு பெரிய தொகையையும் விழுங்கிவிடலாம் என்பதல்ல சட்டம். ரசீதுக்கும் ஒரு கதை உண்டு. 1899-ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டப்படி 20 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கான ரசீதில் ஓரணா ஸ்டாம்பு ஒட்ட வேண்டியிருந்தது. இன்று 5,000 ரூபாய்க்கு மேல் 1 ரூபாய் ஸ்டாம்பு. ஸ்டாம்பின் குறுக்கே கையெழுத்துப் போடும் பழக்கம் கடன் சீட்டில் வேரூன்றிய அளவுக்குக் கல்யாண வேலையில் வேரூன்றவில்லை. கடன் கொடுப்பவர் சந்தேகத்தோடு கொடுக்கிறார், கல்யாண வீட்டார் சந்தோஷத்தோடு கொடுக்கிறார்கள். நல்ல காரியத்தில் எழுத்து கேட்பது அபசகுனம்போலத் தோன்றுகிறது.

அச்சடித்த ரசீதை முதலில் பழக்கியவை கோயில்களும் மண்டபங்களும். போளூர் சம்பத்கிரி மலைக்கோயிலிலோ படவேடு ரேணுகாம்பாள் கோயிலிலோ கல்யாணம் வைப்பவர் அலுவலகத்தில் கட்டணம் கட்டி எண்ணிட்ட ரசீது வாங்குகிறார். அதன் பயன் பணத்தோடு நிற்பதில்லை. 2009 நவம்பர் 24 முதல் தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம். பதிவின்போது அழைப்பிதழும் கோயில் ரசீதும் சான்றாக உதவுகின்றன. வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு நடந்த கல்யாணம் தனியார் மண்டபத்துக்கு மாறிய பிறகு, முதலில் கொடுக்கும் முன்பணமே மண்டபத்துக்கு என்றாயிற்று. தேதி கிடைப்பதைப் பொறுத்தே மற்ற எல்லாரையும் பேச முடியும்.

மண்டபக் கணக்கு வாடகையோடு முடிவதில்லை என்பதை முதன்முறை கல்யாணம் செய்தவர்கள் அன்று மாலையில்தான் தெரிந்துகொள்வார்கள். மேலாளர் நோட்டைத் திறப்பார். கல்யாணத்துக்கு முந்தைய நாள் குறித்த மின் மீட்டர் அளவு, இப்போதைய அளவு, வித்தியாசத்துக்கு யூனிட் விலை. ஜெனரேட்டர் ஓடிய மணிக்கணக்குக்கு டீசல். எரிவாயு சிலிண்டர், குப்பை அள்ளும் கூலி, காணாமல் போன கரண்டி, உடைந்த நாற்காலி. இவை கழிந்த பிறகே வைப்புத்தொகையின் மிச்சம் திரும்பும். மண்டபத்தைக் கையில் எடுக்கும்போதே மீட்டர் அளவை இரு தரப்பும் குறித்துக் கையெழுத்திடும் வழக்கம் இத்தகைய சண்டைகளில் இருந்து பிறந்தது.

சமையலில் மாற்றம் இன்னும் ஆழமானது. பழைய முறையில் சமையல்காரர் கொடுத்தது மளிகைப் பட்டியல் மட்டும்: இத்தனை பேருக்கு அரிசி இவ்வளவு, துவரம்பருப்பு இவ்வளவு, எண்ணெய் இத்தனை டின். சாமான் வாங்குவது வீட்டார். மளிகைக் கடையில் கணக்கு எழுதி வாங்கி, பிரிக்காத மூட்டையைத் திருப்பிக் கொடுத்து மிச்சத்தைத் தீர்ப்பார்கள். சமையல்காரருக்குப் போவது அவருக்கும் கூடவந்த ஆட்களுக்குமான கூலி. எனவே முன்பணம் சிறிது, ஆபத்தும் சிறிது. ஸ்டோர் ரூம் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பதே கவலை. இலைக்கு இவ்வளவு என்று பேசும் காண்ட்ராக்ட் முறை வந்ததும் சாமானுக்கான பணமும் முன்கூட்டியே காண்ட்ராக்டர் கைக்குப் போயிற்று. சாவிக் கவலை தீர்ந்தது; லட்சக்கணக்கில் பணம் ஒரே கையில் தங்கும் கவலை தொடங்கியது. இலை எண்ணுவது யார், பேசிய எண்ணிக்கைக்குக் குறைந்தால் கழிவு உண்டா என்பதெல்லாம் வாய்ப்பேச்சில் நிற்க முடியாத விஷயங்கள்.

பாக்கித் தொகை எங்கிருந்து வந்தது என்பதும் இந்த வரலாற்றில் சேர்த்தி. மொய் நோட்டு மூடிய கையோடு பந்தல்காரர், மைக்செட்காரர், பாத்திரக் கடைக்காரர் ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள். மொய்ப் பையில் இருந்தே பட்டுவாடா நடக்கும். மொய் எதிர்பார்த்த அளவு வராவிட்டால் காத்திருப்பவர் தொழிலாளி. வீட்டாருக்கு இருக்கும் பயம் இவருக்கும் உண்டு என்பதால்தான் கல்யாணத்துக்கு முந்தைய இரவிலேயே பெரும்பகுதியைக் கேட்கும் வழக்கம் வளர்ந்தது. காசோலை இந்தச் சிக்கலைத் தீர்த்திருக்கலாம். பணமில்லாமல் திரும்பும் காசோலையைக் குற்றமாக்கிய மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு 1989 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. ஆயினும் மேளக்காரரும் பூக்காரரும் காசோலையை விரும்பவில்லை. அன்றைக்கே ஆட்களுக்குக் கூலி பிரித்துக் கொடுக்க வேண்டியவர்களுக்கு வங்கிக் காகிதம் உதவாது.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, இந்த முழு ரொக்கத் தொழிலும் நின்றது. ஐப்பசி முடியும் நேரம். கார்த்திகை முகூர்த்தங்கள் பக்கத்தில். கல்யாணத்துக்காகக் கணக்கில் இருந்து 2.5 லட்சம் ரூபாய் வரை எடுக்கலாம் என்று அரசு சலுகை அறிவித்தது. நவம்பர் 21-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நிபந்தனைகள் கவனிக்கத்தக்கவை. கல்யாணம் டிசம்பர் 30-க்குள் இருக்க வேண்டும். பெற்றோரோ மணமக்களோ ஒருவர்தான் எடுக்கலாம். அழைப்பிதழ் காட்ட வேண்டும். மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் ஏற்கெனவே கொடுத்த முன்பணத்துக்கு ரசீது நகல் வேண்டும். ரொக்கம் யார் யாருக்குப் போகிறது என்ற பட்டியலும், அவர்களுக்கு வங்கிக் கணக்கு இல்லை என்ற உறுதிமொழியும் வேண்டும். மறுநாளே விதியைத் தளர்த்தி, 10,000 ரூபாயும் அதற்கு மேலும் பெறுபவருக்கு மட்டும் உறுதிமொழி போதும் என்றார்கள். டிசம்பர் 16-க்குப் பின் மார்கழி என்பதால் தமிழ்நாட்டில் அந்தச் சலுகையின் கடைசி இரு வாரங்கள் இந்துக் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் பயன்படாதவை.  ஆனாலும் பூக்காரருக்குக் கொடுத்த 5,000 ரூபாய்க்கு ஒரு துண்டுச் சீட்டாவது வாங்கியிருக்க வேண்டும் என்ற எண்ணம் பல வீடுகளில் முதன்முதலாக எழுந்தது அப்போதுதான்.

2017 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டத்தின் 269எஸ்டி பிரிவு, ஒரே நபரிடம் இருந்து ஒரே நிகழ்ச்சிக்காக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதைத் தடுத்தது. இரண்டு மூன்று தவணையாகப் பிரித்து வாங்கினாலும் கல்யாணம் ஒன்றே என்பதால் தப்ப முடியாது. அபராதம் வாங்கிய தொகைக்குச் சமம். அது வாங்கியவர் தலையில் விழும்.

அதே காலத்தில் தொடங்கிய யுபிஐ, தாம்பூலத் தட்டின் இடத்தைப் பிடித்துவிட்டது. மேளக்காரர் வீட்டுக்குப் போகாமலே அட்வான்ஸ் போய்ச் சேருகிறது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 12 இலக்க எண் உண்டு. கொடுத்தேன், வாங்கவில்லை என்ற தகராறுக்கு இடமில்லை. ஆனால் எதற்காகக் கொடுத்தது என்பதை அந்த எண் சொல்லாது. பந்தல் கடையின் பெயருக்குப் பதில் மைத்துனர் கணக்குக்குப் போன தொகை பந்தலுக்கான முன்பணம் என்று பின்னால் நிரூபிப்பது கடினம். அனுப்பிய பணத்தை அனுப்பியவரே திரும்ப இழுக்கவும் வழியில்லை. தொழிலாளி தரப்பிலும் ஓர் அபாயம் இருக்கிறது: போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போகிறவர்கள். கடைகளில் தொகையை உரக்கச் சொல்லும் பெட்டி பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியபோது பங்குனி, சித்திரை, வைகாசிக் கல்யாணங்களுக்கான முன்பணம் எல்லாம் மண்டபங்களில் கிடந்தது. 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற விதியால் வீட்டு வாசலிலேயே தாலி கட்டி முடித்தார்கள். நடத்த முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது, வாங்கியதைத் திருப்ப வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 56, 65-ஆம் பிரிவுகள் சொல்வது. நடைமுறையில் பணத்துக்குப் பதிலாக வேறு தேதி தர முன்வந்த மண்டபங்கள் பல. வேறு தேதி தேவைப்படாதவர்கள்தான் அலைந்தார்கள்.

2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில்லோ ரசீதோ தர மறுப்பதையே முறையற்ற வணிகச் செயலாக வகைப்படுத்தியிருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு வராத போட்டோக்காரர் மேலும், பேசிய இலைக்குக் குறைவாகப் பரிமாறிய காண்ட்ராக்டர் மேலும் போளூர்வாசி தான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். சென்னைக்காரர் மேல் வழக்கென்றாலும் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. கால வரம்பு 2 ஆண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.