எட்டும் தொலைவும் எய்யத் தகும் தொலைவும்

செட்டிகுளத்துக் குன்றில் எழுந்தருளியிருக்கும் தண்டாயுதபாணியின் கையில் கரும்பு உண்டு. வள்ளியை நாடி வேடனாக வந்தவன் கையில் கரும்பு! சிறுவயதில் எனக்கு இதைக் காட்டிச் சிரிப்பவர் என் மாமா. அவர் வேட்டைக்காரர்.

வேட்டைத் திறம் பேசுவோர் வல்வில் ஓரியைச் சான்றுக்கு அழைப்பர். கொல்லிமலைத் தலைவனாகிய அவன் விடுத்த ஓர் அம்பு, யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றையும் உருவிச் சென்று, புற்றிலிருந்த உடும்பில் தைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார். உயர்வு நவிற்சி என்று தள்ளுவோர் தள்ளட்டும். நான் கவனித்தது வேறு. புலவர் வியப்பது அம்பின் வலிமையை. எவ்வளவு தொலைவிலிருந்து எய்தான் என்ற பேச்சே அங்கில்லை.

தொலைவைப் பெருமையாக்கியது பிற்காலத் துப்பாக்கி. 1860ஆம் ஆண்டு ஜூலையில், இங்கிலாந்திலுள்ள விம்பிள்டனில், தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் முதற்போட்டியை விக்டோரியா அரசியார் 400 கெஜத் தொலைவிலிருந்த இலக்கைச் சுட்டுத் தொடங்கிவைத்தார். துப்பாக்கி முன்னரே குறிபார்த்துத் தாங்கியில் பொருத்தப்பட்டிருந்தது. அரசியார் பட்டுக்கயிற்றை இழுத்தார், அவ்வளவே! பின்னர் 1000 கெஜப் போட்டிகளும் புகழ்பெற்றன. அது அருங்கலை என்பதில் ஐயமில்லை. காற்றின் போக்கையும் குண்டு தாழும் அளவையும் கணித்துச் சுடவேண்டும். கணக்குப் பிழைத்தால் மதிப்பெண் குறையும். அடுத்த குண்டுக்குத் திருத்திக்கொள்ளலாம். இலக்கு அசையாது; அதற்கு வலியும் இல்லை. ஆனால், 1000 கெஜத்தைக் கடக்கக் குண்டுக்கு ஒரு விநாடிக்கு மேல் ஆகிறது. அதற்குள் மான் ஓரடி எடுத்துவைத்தால், நெஞ்சுக்குக் குறித்தது வயிற்றில் பாயும்.

மாமாவிடம் இருந்தது மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி. நாற்பது தப்படிக்குள் வந்தாலன்றிச் சுடுவதில்லை என்பது அவர் வழக்கம். ஒருநாள் மாலை, சோளக்கொல்லையில் காட்டுப்பன்றியைக் கண்டு, உடனிருந்தோர் தூண்ட, அதனினும் மும்மடங்கு தொலைவிலிருந்து சுட்டுவிட்டார். குண்டு பட்டது; பன்றி விழவில்லை. குருதித் தடம் பற்றி இருட்டும்வரை நடந்தோம். ஓடைக்கரையில் தடம் மறைந்தது. மூன்றாம் நாள் பருந்துகள் இடத்தைக் காட்டிக்கொடுத்தன. மாமா அதன் அருகே வெகுநேரம் பேசாமல் நின்றார். இறைச்சி எவருக்கும் பயன்படவில்லை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒடுக்கியது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமம் பெற்று ஆடிய வேட்டையையும் நிறுத்தியது. மாமாவின் துப்பாக்கி அதற்கு நெடுநாள் முன்பே பரணில் ஏறிவிட்டது.